மந்திரிச்ச கேமரா

கேமரா வாங்கப் போகும்போ ஒரு மீன்காரிய எதுக்குக் கூட்டிட்டுப் போனாவன்னு எங்க தெருவுல இன்னும் கேட்டுச் சிரிக்காவ. சிரிச்சிட்டுப் போட்டும். நானும் கூடச் சேந்து சிரிக்கேன். இப்பச் சிரிக்கலாம். அந்த ஞாயித்துக்கெழம மத்தியானம் எனக்குச் சிரிப்பு வரல்ல.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல எனக்க மருமவ எழுதுகா. அவளப் பத்தி வரக்கூடிய எடத்துல மாத்தி எழுதிராதட்டின்னு முதல்லயே சொல்லியாச்சு. சிரிக்கா. எழுதுட்டி, சிரிக்கான்னும் எழுது.

எங்க வீடு முட்டத்துல. லைட்ஹவுஸுக்குப் போற வழியில எறங்கினா ரெண்டாவது வளவு. நான் முப்பது வருசம் ஓலக் கடவத்துல மீன் சுமந்து வடசேரி சந்தையில கொண்டு வித்தவ. இப்ப முட்டு ரெண்டும் போச்சு, அதனால வீட்டுல இருப்பு. எனக்க வீட்டுக்காரரு கடலுக்குப் போய்ட்டு இருந்தாரு, கர்த்தரு எடுத்துட்டாரு. மவன் கல்ஃபுல வண்டி ஓட்டுகான். அப்ப வீட்டுல நானும் மருமவளும் மட்டுந்தான். ரெண்டு பேருக்கும் ஒத்துப் போவுமான்னு கேக்காதீங்க. மீன் கொழம்புக்குப் புளி எவ்வளவுங்கதுல ஒத்துப் போவாது, மத்ததெல்லாம் போவும்.

அவ கெட்டி வருகதுக்கு முன்ன நாகர்கோயில்ல ஒரு ஸ்டூடியோவுல வேல பாத்தவ. கல்யாணப் படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல இருந்து சரியாக்கி, புஸ்தகமா அடுக்கித் தருக வேல. படம் எடுக்கதும் தெரியும், ஆனா அங்க பொம்பளப் பிள்ளையள எடுக்க விடமாட்டாவ. கல்யாணம் ஆன பொறவு அதையும் விட்டுட்டா. போன்ல எதையாவது எடுத்துட்டு இருப்பா. நான் மீன் அறுக்கது, கூரையில காக்கா இருக்கது, இப்பிடி ஒண்ணுக்கும் ஆகாத படமா எடுத்து வச்சிருப்பா. ஒரு நாளு, நான் சாள மீன உரசிட்டு இருக்கம்போ எடுத்த ஒரு படத்தக் காட்டினா. செதிலு வெயில்ல பறக்குகு, எனக்க மொகத்துல பாதி வெளிச்சம். எனக்கு மொகம் இப்பிடியா இருக்குன்னு செத்த நேரம் பாத்துட்டே இருந்தேன். அவளுக்குக் கை உண்டுன்னு அண்ணைக்கு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

அப்பதான் புதுநன்ம வந்துது. பூசையில சாமியாரு நாக்குல வைக்க அப்பந்தான் நன்ம, எங்க கோயில்ல பிள்ளைய அத மொத மொத வாங்கக்கூடிய நாளு. அந்த வருசம் பதினோரு பிள்ளைய. வருசாவருசம் டவுண்ல இருந்து ஒரு ஸ்டூடியோக்காரன் வருவான். அவனுக்கு எப்பவும் அவசரம். போன வாட்டி பிள்ளையள வரிசையில நிக்க வச்சி, நீ இங்க பாரு, நீ கையக் கூப்புன்னு பூச நடக்கம்போளே சத்தம் போட்டு, சாமியாரு பீடத்துல இருந்தே ஏசிட்டாரு. அதனால இந்த வாட்டி தாய்மாரெல்லாம் கூடிப் பேசி, நம்ம ஊருப் பிள்ள ஒருத்தி இருக்காளே, அவ எடுக்கட்டும்னு எனக்க மருமவகிட்ட வந்து கேட்டாவ.

பத்து வீடு சம்மதம். ஒரு வீடு இல்ல. அந்த ஒரு வீடு எங்க அடுத்த வீடு. அவளும் என்ன மாதிரி கிழவிதான். அவளுக்க பேத்தியும் அந்தப் பதினொண்ணுல ஒண்ணு. எனக்கும் அவளுக்கும் நாப்பது வருசப் பேச்சு, அதுல பாதி சண்ட.

"எங்க பிள்ளக்க அப்பன் கப்பல்ல கெடக்கான். அவனுக்கு இந்தப் படந்தான் புதுநன்ம. ஒம் மருமவ போன்ல காக்கா எடுக்கவ, எனக்க பிள்ளையக் கெடுத்துப்போட்டா நான் யாருகிட்டப் போய்க் கேக்க?"ன்னா.

"எங்கிட்ட வந்து கேளுட்டி. நான் எங்க போகப் போறேன்?"ன்னேன்.

அந்த வாக்குல அவளும் அரமனசாச் சம்மதிச்சா. எனக்க வாய்தான சொல்லுச்சு. உள்ள எனக்கும் பயந்தான். கல்யாண வீடுன்னா, மாப்பிள, தாலிய இன்னொருவாட்டி பிடிச்சி நில்லுன்னு படக்காரன் சொல்லுவான், அவரும் நிப்பாரு. நன்மைய இன்னொருவாட்டி வாங்கச் சொல்ல முடியுமா? பிள்ள வாயத் தொறக்கணும், சாமியாரு நாக்குல வைக்கணும், வாய மூடணும். அவ்வளவுதான் நேரம். அது கெட்டா கெட்டதுதான். கெட்டுப்போனா ஊருல ஒருத்தரும் இவள இனி ஒரு காரியத்துக்கும் கூப்பிட மாட்டாவ. மொத வேலையே கடைசி வேலையாப் போவும்.

மவன்கிட்ட சொன்னோம். நல்ல கேமராவா பாத்து வாங்கட்டும், ஆனா கடக்காரன் ஏமாத்தாமப் பாக்க அம்மையும் கூடப் போட்டும்னு அவந்தான் சொன்னான். அப்பிடித்தான் நான் போனேன். நானாச் சாடி ஏறிப் போகல்ல.

வடசேரி பஸ்ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடிக் கட. பழைய கேமரா விக்கவன். இப்ப வேற மாதிரி கேமரா வந்திருக்காம். பழைய கேமராவுக்கு உள்ள ஒரு கண்ணாடி இருக்கு, படம் எடுக்கம்போ டபக்குன்னு மேல சாடி எறங்கும், அந்தச் சத்தந்தான் நமக்குக் கேக்குகது. புதுசுல அந்தக் கண்ணாடியே இல்ல. படம் எடுக்கவனெல்லாம் அதுக்கு மாறிட்டு இதக் கொண்டு தட்டுகான். அதனால நல்ல சாமான் நமக்கு எட்டுக வெலைக்கு கெடைக்கும் மாமின்னு மருமவ வழியெல்லாம் சொல்லிட்டே வந்தா.

கடக்காரன் நல்ல பையன்தான். "இரிங்க பாட்டி, காப்பி சொல்லட்டா?"ன்னான்.

"காப்பியக் குடிச்சா அத வெலயில ஏத்திருவ. நீ சாமான எடு மக்கா."

மொதல்ல ஒண்ணு எடுத்து வச்சான். பளபளன்னு இருக்கு. மெகாபிக்சல் அவ்வளவு இருக்கு, இவ்வளவு இருக்கு, செவரு அளவுக்குப் படத்தப் பெருசாக்கலாம்னு அடுக்கினான். மருமவ எதையோ அமுக்கிப் பாத்தா. இதுக்குள்ள இதுவர எத்தன படம் எடுத்திருக்குன்னு தெரியுமாம். எஞ்சின் எத்தன மணிக்கூர் ஓடியிருக்குன்னு கேக்கமே, அதுபோல. கொறச்சலாத்தான் ஓடியிருக்குன்னு அவளுக்கு ஒரே சந்தோசம். டார்ச் அடிச்சு லென்சுக்குள்ள பாத்தா. அங்க பூசணம் பிடிக்குமாம், அதும் இல்ல.

நான் கையில வாங்கினேன். மீனுன்னா செவுளத் தூக்கிப் பாப்பேன், கண்ணப் பாப்பேன். இதுல எதத் தூக்க? மோந்து பாத்தேன். மோந்தா என்னமோ ஒரு வாட. கேமராவுக்க அடியில ஒரு ஆணிக் குழி இருக்கு, மூணு காலு மாட்டுகதுக்கு. அந்தக் குழியில வெரல விட்டு, வெரல நாக்குல வச்சிப் பாத்தேன்.

"மாமி"ன்னு மருமவ சேலையப் பிடிச்சி இழுக்கா. மானம் போச்சுன்னு அவளுக்கு.

"உப்பு"ன்னேன். "இது கடப்பொறத்துல கெடந்த சாமானாக்கும்."

"யாராவது வேர்வக் கையோட பிடிச்சிருப்பாவ பாட்டி."

"வேர்வ உப்பு வேற, கடலு உப்பு வேற. எனக்கா மக்கா சொல்லித் தருக?"

அவன் சிரிச்சிட்டான். "கன்னியாகுமரியில சூரியன் உதிக்கம்போ நிண்ணு படம் எடுத்துக் குடுக்க ஒருத்தரு வித்தது. கேமராவ நக்கிப் பாத்து வாங்குன மொத ஆளு நீங்கதான்."

"இன்னும் வாங்கல்ல. அடுத்தத எடு."

அடுத்து ரெண்டு வச்சான். ஒண்ணு புதுசு போல, கனம் இல்ல. இன்னொண்ணு கறுப்பா, பழசா, அம்மிக்கொழவி கனம் கனக்குகு. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டேன். புதுசுல படம் சேக்குக கார்டு ஒண்ணுதான் போடலாமாம். பழசுல ரெண்டு போடலாமாம்.

"ரெண்டு எதுக்கு?"

"ஒரு கார்டு கெட்டுப்போனாலும் இன்னொண்ணுல படம் இருக்கும் பாட்டி."

அவ்வளவுதான், எனக்கு வேற ஒண்ணும் கேக்கவேண்டாம். எங்க வீட்டுக்காரரு ரெண்டு எஞ்சின் இல்லாம வள்ளத்த எறக்க மாட்டாரு. ஒண்ணு ஓடும், ஒண்ணு சும்மா கெடக்கும். சும்மா கெடக்கத எதுக்குச் சுமக்கியன்னு கல்யாணம் ஆன புதுசுல நான் கேட்டிருக்கேன். ஒருக்கா கர தெரியாத தூரத்துல எஞ்சின் நிண்ணு போச்சு. காத்தும் மாறிப் போச்சு. மத்த எஞ்சின எடுத்து மாட்டி, சாயங்காலம் கரையேறி வந்து, சோத்தத் தின்னுட்டே அதச் சொன்னாரு. நான் அந்த எஞ்சினப் போய்த் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்தேன். அதெல்லாம் கடக்காரன்கிட்டச் சொன்னேன். அவனும் வேல கெடக்க கேட்டுட்டு இருந்தான்.

"இந்தக் கறுப்பன எடுட்டி"ன்னேன். மருமவளுக்கும் கண்ணு அதுமேலதான் இருந்துருக்கு, கனமா இருக்கேன்னு நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு பயந்துட்டு இருந்தாளாம்.

லென்சுலதான் சண்ட. ஒண்ணு நல்ல நீளம், முருங்கக்கா கணக்கா இருக்கு. இன்னொண்ணு தேங்காச் செரட்ட அளவுதான் இருக்கு. நான் நீளத்தக் கைகாட்டினேன். நாலு பேரு பாத்தா மதிப்பா இருக்கும்லா. அடுத்த வீட்டுக்காரியும் வாயப் பொத்துவா.

"மாமி, அது தூரத்துல உள்ளத கிட்டத்துல காட்டும். ஆனா வெளிச்சத்தக் கொஞ்சமாத்தான் உள்ள எடுக்கும். கோயிலுக்குள்ள இருட்டு, பிளாஷ் அடிக்கப் பிடாதுன்னு சாமியாரு சொல்லியாச்சு. இந்தச் சின்னதுக்கு வாய் அகலம், கொஞ்சம் வெளிச்சம் போதும். சூம் கெடையாது, அதனால நான்தான் முன்னயும் பின்னயும் நடந்து எடுக்கணும்."

"நடக்கதுக்கு ஒனக்கென்ன, முட்டு நல்லாத்தான இருக்கு"ன்னு விட்டுக் குடுத்துட்டேன்.

வெல பேசினது நான். அதச் சொல்லமாட்டேன், அந்தப் பையனுக்கு வருத்தமா இருக்கும். எல்லாம் முடிஞ்ச பொறவு, "கொசுறு என்ன தருவ?"ன்னு கேட்டேன். நாங்க ஒரு சாள கூடப் போடுவோம்லா. அவன் தலையச் சொறிஞ்சிட்டு, லென்சுக்கு முன்னால திருகி மாட்டுக வட்டக் கண்ணாடி ஒண்ணு குடுத்தான். தூசி தும்பு லென்சுல படாம அது வாங்கிக்கிடுமாம். மருமவ அங்கயே அத மாட்டிட்டா. அந்தக் கண்ணாடிய மறந்துராதீங்க.

வீட்டுக்கு வந்து அவ கார்டு ரெண்டையும் போட்டா. அங்கதான் அடுத்த தர்க்கம். படத்த ரெண்டு விதமாச் சேக்கலாமாம். ஒண்ணுக்குப் பேரு ஜேபெக், இன்னொண்ணு ரா.

"ஜேபெக்னா, நெறம், வெளிச்சம் எல்லாம் கேமராவே தீர்மானிச்சு, வேண்டாம்னு தோணினதக் களஞ்சுபோட்டு, சின்னதாக்கித் தரும் மாமி. ஒடனே போன்ல அனுப்பலாம். ரான்னா அது கண்டது முச்சூடும் அப்பிடியே இருக்கும். ரொம்பப் பெருசு. பொறவு நாம இருந்து சரியாக்கணும்."

"அப்ப ஒண்ணு கொழம்பு, இன்னொண்ணு அறுக்காத மீனு."

"அதேதான்."

"அறுக்காத மீனக் கொண்டு விருந்தாளி எலையில வைப்பியா? ரெண்டு கார்டுலயும் கொழம்பையே போடு"ன்னேன்.

எனக்கு ஒரு ஞாயம் உண்டு. ரெண்டு எஞ்சினும் ஒரே கம்பெனியா இருந்தாத்தான் ஒண்ணுல உள்ள சாமானம் இன்னொண்ணுக்குச் சேரும். வேற வேறயா இருந்தா நடுக்கடல்ல நிண்ணு முழிக்கணும். அதுவும் போவ, அவ அந்த ராவ லேப்டாப்புல காட்டினா. பழைய லேப்டாப்பு, அது தொறக்கதுக்குள்ள நான் ஒரு செபமாலையே சொல்லி முடிச்சிருவேன். தொறக்காத நேரம் வெறும் வெள்ளக் கடலாசு போலத் தெரியுகு. படமே தெரியாத படத்த யாருகிட்டக் கொண்டு காட்ட?

"செரி மாமி"ன்னா. மருமவமாரு சொல்லுக செரியப் பத்தி எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நானும் மருமவளா இருந்தவதான.

புதுநன்மைக்கு மொத நாளு சாயங்காலம். நான் கேமராவ எடுத்து மடியில வச்சிட்டு, கோயிலுக்கு வா, மந்திரிக்கணும்னேன். எங்க ஊருல புது வள்ளம், புது வல, புது எஞ்சின், எதானாலும் சாமியாரு மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிக்காம வெள்ளத்துல எறக்க மாட்டாவ. பைக்கு வாங்கினாலும் அப்பிடித்தான். இது மட்டும் சும்மா போவுமா?

"மாமி, கேமராவுக்கு வெள்ளம் ஆகாது."

"உப்பு வெள்ளத்துல ஓடுக எஞ்சினுக்கே ஆவுகு. இதுக்கு ரெண்டு துளி ஆகாதா?"

சாமியாரு சின்ன வயசு. கேமராவப் பாத்ததும் அவருக்கே ஆச. கையில வாங்கிப் பாத்தாரு, செபம் சொன்னாரு, மேலாப்புல பைய ரெண்டு துளி போட்டாரு. அதோட வந்திருக்கலாம். நான்தான் விடல்ல. லென்சு மூடியக் கழத்தி நீட்டினேன்.

"கண்ணுல போடுங்க சாமி. கண்ணுல போடாம தலையில போட்டு என்ன காரியம்?"

அவரும் தெளிச்சாரு. கொஞ்சம் தாராளமாத்தான் விழுந்துது. மருமவ பதறிப்போய்த் துண்ட எடுத்தா. நான் கையப் பிடிச்சேன். "தீர்த்தத்தத் தொடைக்கப் பிடாதுட்டி. அதுவாக் காயணும்." வள்ளத்துலயும் நாங்க தொடைக்க மாட்டோம். சாமியாரு முன்னால அவ என்ன பேசுவா? துண்ட மடக்கி வச்சிட்டா. வீட்டுல வந்து, காஞ்சிருக்கும்னு நெனச்சு நானே மூடியப் போட்டு வச்சேன்.

மறுநாளு ஞாயித்துக்கெழம காலத்த எட்டு மணிப் பூச. விடியும்போளே பதினோரு வீட்டுலயும் கூப்பிடுகாவ. ஒரு வீட்டுல பிள்ளைக்கு முடி கெட்டுகத எடுக்கணும், ஒரு வீட்டுல பாட்டா நெத்தியில செலுவ போடுகத எடுக்கணும். அதெல்லாம் அவ போன்லயே எடுத்துட்டு கோயிலுக்கு ஓடினா. கோயிலுக்குள்ள போய்த்தான் பெரிய கேமராவ எடுத்து மூடியத் தொறந்துருக்கா. உள்ள இருட்டு. அந்த வட்டக் கண்ணாடிய யாரு பாத்தா?

பூச நடக்கம்போ கேமராவுக்குப் பின்னால வெளிச்சம் மின்னப் பிடாதுன்னும் சாமியாரு சொல்லியிருந்தாரு. அதனால எடுத்த படத்த அப்பப்பப் பாக்கவும் முடியாது. பீடத்துக்குப் பின்னால, மேல, கெழக்கப் பாத்து ஒரு சன்னல் உண்டு. அது வழியா வெயிலு நேரா வருகு. பிள்ளையளெல்லாம் தும்பப்பூ மாதிரி வெள்ள உடுப்பு, கையில மெழுகுதிரி. எனக்க மருமவ செருப்பில்லாம, பூன நடக்க மாதிரி, அங்க ஒரு காலு, இங்க ஒரு காலு, முட்டு குத்துகா, எந்திக்கா. ஒரு சத்தம் இல்ல. கேமராவுக்குள்ள இருக்க கண்ணாடி சாடுக சத்தம் மட்டும் எனக்குக் கேக்குகு. நான் எண்ணினேன். பதினோரு பிள்ளைக்கும் சாடிச்சு. அடுத்த வீட்டுக்காரி ரெண்டு வரிசைக்கு முன்னால இருந்து திரும்பி என்னையப் பாத்தா. நான் மூக்க மேல தூக்கி இருந்தேன்.

வீட்டுக்கு வந்து, ஒரு வாய் கஞ்சி கூடக் குடிக்காம அவ கார்ட லேப்டாப்புல போட்டா. நான் பின்னால நிண்ணேன்.

என்னத்தச் சொல்ல. பிள்ளையளெல்லாம் மஞ்சத் தேச்சுக் குளிப்பாட்டினது போல இருக்கு. மொகம் கறுத்துக் கெடக்கு. அதுக்கு மேல, பச்ச வெறக வச்சு அடுப்பு மூட்டினா அடுக்களையில புக நிக்குமே, அதுபோல வெள்ளையா மூடிக் கெடக்கு. சாமியாருக்க கை எது, பிள்ளக்க நாடி எதுன்னு தெரியல்ல. ஒண்ணு தட்டினா அடுத்ததும் அப்பிடி. அதுக்கு அடுத்ததும் அப்பிடி.

மருமவ கேமராவ எடுத்து சன்னலுக்கு நேரா பிடிச்சிப் பாத்தா. வட்டக் கண்ணாடியில புள்ளி புள்ளியா, சுத்திலும் வெள்ளக் கோடு போட்டு, துளி காஞ்சு கெடக்கு. சன்னல்ல இருந்து வந்த வெயிலு முச்சூடும் அந்தப் புள்ளியில பட்டுச் செதறிப் படத்த மூடிருக்கு.

எனக்கு ஒரு நெனப்பு வந்து வெரல நீட்டி ஒரு புள்ளியத் தொட்டு நாக்குல வச்சேன். உப்பு. தீர்த்தம் மந்திரிக்கம்போ சாமியாரு ஒரு பிடி உப்பு அதுல போடுவாரு. நாப்பது அம்பது வருசமாப் பாக்கேன். கடையில போய் நக்கிப் பாத்து உப்புக் கேமராவத் தள்ளினவ, வீட்டுக் கேமராவுக்க கண்ணுல நானே உப்புக் கொண்டு விட்டிருக்கேன்.

அவ என்னைய ஒரு வார்த்த சொல்லியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அந்தக் கண்ணாடிய மட்டும் பைய திருகிக் கழத்தி மேசையில வச்சா.

அந்த நேரம் பாத்து வாசல்ல சத்தம். "ஏட்டி, எனக்க பிள்ளக்க படம் எங்க? அவ அப்பன் கப்பல்ல இருந்து மூணு வாட்டி கேட்டாச்சு."

நான் சாடி வெளிய வந்து கதவுக்குக் குறுக்க நிண்ணேன். "இரு, பலாச்சக்க வறுத்தது இருக்கு, தின்னு."

"எனக்குச் சக்க வேண்டாம், படந்தான் வேணும்."

"கம்ப்யூட்டரு இன்னும் தொறக்கல்ல."

"தொறக்கல்லயா, படமே விழல்லயா?" அவளுக்கு மூக்கு பெலம். எனக்க மொகத்தப் பாத்தே பிடிச்சிட்டா. "நான் அண்ணைக்கே சொன்னேன்லா. காக்கா எடுக்கவளுக்குக் கோயில் காரியத்த ஏல்ப்பிச்சா இப்பிடித்தான். அவளுக்கு என்ன தெரியும்…"

அதுவர எதாவது சொல்லிச் சமாளிக்கலாம்னுதான் நெனச்சேன். அவள ஏசினதும் எனக்குத் தாங்கல்ல.

"அவள ஒண்ணும் சொல்லாத. கெடுத்தது நானாக்கும். கேமராக் கண்ணுல தீர்த்தம் விட்டேன். தொடைக்காதன்னும் சொன்னேன். அவ வேண்டாம்னுதான் சொன்னா. ஏசுகதுன்னா என்னைய ஏசு."

தீர்த்தத்தக் குத்தம் சொல்ல அவளுக்கும் நாக்கு எழும்பல்ல. படிக்கல்லுல அப்பிடியே குத்தி இருந்துட்டா. "எனக்க மவன்கிட்ட நான் என்னட்டி சொல்லுவேன்?"ன்னு கேட்டா. நானும் பக்கத்துல இருந்தேன். சக்க வறுத்தது நடுவுல இருக்கு, ரெண்டு பேரும் தொடல்ல.

உள்ள இருந்து, "மாமி, இங்க வாங்க"ன்னு சத்தம் கேட்டுது.

ரெண்டு பேரும் போனோம். மருமவ மத்த கார்ட எடுத்துப் போட்டிருக்கா. லேப்டாப்புல ஒரு சின்னக் கோடு, அதுல ஒரு பொட்டு. அந்தப் பொட்டப் பிடிச்சு அங்கயும் இங்கயும் நீக்குகா. நீக்க நீக்க அந்தப் புக வெலகுகு. நான் கண்ணாலப் பாத்தேன். காலத்த பனி வெலகி கடலு தெரியுமே, அதுபோல. இன்னொரு பொட்ட நீக்கினா, மஞ்ச எறங்கி உடுப்பு வெள்ளையாச்சு. மூணாவத நீக்கினா, கறுத்துக் கெடந்த மொகம் பைய மேல வருகு. மொதல்ல மூக்கு, பொறவு கண்ணு, கண்ண மூடி வச்சிருக்கு, எமை கூடத் தெரியுகு. நாக்கு நீட்டியிருக்கு. சாமியாருக்க வெரலுல நன்ம.

அடுத்த வீட்டுக்காரிக்க பேத்தியத்தான் அவ மொதல்ல எடுத்து வச்சிருக்கா. அறிஞ்சு செய்தாளா தெரியாது. எழுதுட்டி, அறிஞ்சுதான் செய்தியா? சிரிக்கா, சொல்லமாட்டேங்கா.

"இது எப்பிடிட்டி?"ன்னு கேட்டேன்.

"இது ரா, மாமி. அந்தப் புகைக்கு அடியில மொகம் முழுசும் இதுல கெடந்துது. ஜேபெக்ல கேமரா அத வேண்டாம்னு களஞ்சுட்டுது."

"ரெண்டுலயும் கொழம்புதான போடச் சொன்னேன்."

"சொன்னிய."

"நீ செரின்னு சொன்னியே."

"சொன்னேன். போடல்ல."

அந்த லேப்டாப்பு ஒவ்வொரு படத்தையும் தொறக்க எடுத்த நேரத்துல நான் செபமால சொல்லல்ல, ஒவ்வொரு பிள்ளையா எண்ணிட்டு இருந்தேன். சாயங்காலம் ஆவுகதுக்குள்ள பதினொண்ணும் வெளிய வந்துது. ஒம்பது நல்ல சுத்தமா வந்துது. ரெண்டு மட்டும் கொஞ்சம் மங்கல். அந்த ரெண்டு தாய்மாரும், மெழுகுதிரிப் புக போல அழகா இருக்கு, இப்பிடியே இருக்கட்டும்னு சொன்னாவ. நாங்களும் அப்பிடியே குடுத்துட்டோம்.

அடுத்த வீட்டுக்காரி கண்ணத் தொடச்சிட்டுப் படத்தக் கிட்டப் போய்ப் பாத்தா. பாத்துட்டு, "எனக்க பிள்ளைக்கு முன்பல்லு விழுந்த எடம் இப்பிடி அப்பட்டமாத் தெரியுகே. அத மறைக்க ஒரு பொட்டு இல்லியா?"ன்னா.

மருமவ, "இருக்கு பாட்டி, ஆனா வேண்டாம்"னா.

"ஏன் வேண்டாம்?"

"அவ அப்பன் போகும்போ அந்தப் பல்லு இருந்துதுலா. விழுந்தத அவரு பாக்கட்டும்."

அவ படிக்கல்லுல போய் இருந்து, சக்க வறுத்தத எடுத்துத் தின்ன ஆரம்பிச்சா. நானும் தின்னேன். அண்ணைக்கே படம் கப்பலுக்குப் போச்சு. அவன் என்ன சொன்னான்னு அவ சொல்லல்ல. ஆனா மறுநாளு காலத்த ஒரு நெய்மீன் துண்டு வந்து எங்க அடுக்களையில இருந்துது.

அந்த வட்டக் கண்ணாடிய மருமவ கழுவப் போனா. நான் விடல்ல. தீர்த்தத்தக் கழுவி எங்க ஊத்த? வீட்டுல மாதாவுக்கு முன்னால வச்சிருக்கேன். புள்ளியெல்லாம் அப்பிடியே இருக்கு. நல்லவேள, லென்சுல ஒண்ணும் படாம, புள்ளி முச்சூடும் அந்தக் கொசுறுலதான் விழுந்துது. வடசேரி பையனுக்குப் போன் போட்டு வேற ஒண்ணு வாங்கியாச்சு. எதுக்கு பாட்டி, அதுக்குள்ள ஒடஞ்சுதான்னு கேட்டான். ஒடையல்ல, கோயில் காரியத்துக்கு எடுத்தாச்சுன்னேன்.

போன வாரம் கடியப்பட்டணத்துல ஒரு கல்யாணத்துக்கு மருமவளக் கூப்பிட்டாவ. கேமராப் பையத் தோளுல போட்டுட்டு வாசல்ல நிண்ணு, "தீர்த்தம் வேண்டாமா மாமி?"ன்னு கேட்டா. வாய் பாத்தியளா.

"பைமேல ரெண்டு துளி போடு. ஜிப்ப மூடிட்டுப் போடு"ன்னேன். அவ படி எறங்கின பொறவு எனக்கு இருப்புக் கொள்ளல்ல. வளவு முக்கு வர நொண்டி நொண்டிப் போய்க் கூப்பிட்டேன்.

"ஏட்டி, ரெண்டு கார்டுலயும் வேற வேறதான போட்டிருக்க?"

"செரி மாமி"ன்னா.